இரண்டாம் பாகம் படு குப்பை

“குப்பை” என்று சொல்லிவிட்டு ஸ்ரீவத்சன் அடையில் ஒரு விள்ளல் பிய்த்து அவியலில் தோய்த்தான். வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் ஒரு காப்பி டம்ளர் அந்தரத்திலேயே நின்றுவிட்டதைக் கவனித்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த ராமானுஜம் காப்பி டம்ளரை டபராவுக்குள் இறக்கினார். மெதுவாகத்தான் இறக்கினார். ஆனாலும் காப்பி தளும்பிக் கீழே சிந்தியது.

“எது குப்பை மாப்பிள்ளை?”

“ஸ்டீல் மார்ஷல் ரெண்டாம் பாகம்தான் மாமா. எப்படி இருக்குன்னு கேட்டேளே. படு குப்பை. பண்ணினவனைக் கட்டிவெச்சு உதைக்கணும்.”

சமையலறை வாசலில் நின்றிருந்த ஸ்நேஹா கண்ணாலேயே ‘போதும், போதும்’ என்றாள். கல்யாணத்துக்கு மூன்றே மாதம் இருக்கிற ஒருவனுக்கு அந்த ஜாடை புரிந்திருக்க வேண்டும். ஸ்ரீவத்சனுக்குக் கோபம் வந்துவிட்டால் எதிரே இருப்பவர் முகமே தெரியாது. அன்று அவனுக்கு வந்திருந்தது பத்து நாளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த கோபம்.

“மொதல் பாகத்துல அது நடந்தா பூமி அதிரும் மாமா. நாப்பதடி இரும்புன்னா சும்மாவா? ஒரு அடி எடுத்து வெக்கறதுக்கு ரெண்டு செகண்டு ஆகும். இதுல என்னடான்னா வெட்டுக்கிளி மாதிரி குதிக்கறது. அதுக்குப் பஞ்சுமிட்டாய் கலர்ல பெயின்ட் வேற. ஒரு எழுத்து இங்கிலீஷ் கெடையாது, பூரா ஜப்பான் எழுத்து. ரெண்டு நிமிஷத்துல சண்டை முடிஞ்சுடறது. இதைப் போய் நன்னாருக்குன்னு சொல்றவனுக்கு ரசனையே கெடையாதுன்னு அர்த்தம்.”

“நான் நன்னாருக்குன்னுதான் சொல்றேன்” என்றார் ராமானுஜம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கல்யாணம் நிச்சயமானதே ஸ்டீல் மார்ஷல் என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டால்தான்.

ராமானுஜம் அம்பத்தூரில் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் என்ஜினீயராக இருந்து ரிடையரானவர். மூத்த பெண் ஷ்ரேயாவைக் கட்டிக்கொண்டு நியூஜெர்சிக்குப் போன மாப்பிள்ளை, மாமனாருக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு கம்ப்யூட்டரை வாங்கி அடையாறு வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டுப் போனான். பொழுதும் போயிற்று, அதோடு சேர்ந்து மனுஷரும் போய்விட்டார் என்று ராமானுஜத்தின் மனைவி ஜலஜா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். நாற்பதடி இரும்பு ராட்சசனின் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு, எதிரே வருகிற இரும்பு ராட்சசர்களையெல்லாம் சுட்டுத் தள்ள வேண்டும். அதுதான் விளையாட்டு. அறுபது வயது மனிதர் காலைக் காப்பிக்கு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்.

இரண்டாவது பெண் ஸ்நேஹாவுக்கு ஜாதகம் பொருந்தி வந்த ஏழு பையன்களை அவர் ஏதேதோ சொல்லித் தட்டிக் கழித்தார். எட்டாவதாக வந்தவன்தான் மயிலாப்பூர் ஸ்ரீவத்சன். தி. நகரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. பெண் பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மூலையிலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

“மாமா, ஒன்பதாவது கட்டமா? மெஷின் சூடாகி நின்னுடறதா? நதிக்குள்ள எறக்கி நிறுத்துங்கோ, ஆறிடும்.”

ஏழு வாரமாக ஒன்பதாவது கட்டத்தில் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்த ராமானுஜம் நதிக்குள் இறக்கிப் பார்த்தார். ஆறிவிட்டது. “ஜலஜா, மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு பஜ்ஜி போடு” என்றார். அப்புறம் ஜாதகத்தை யாரும் திரும்பப் பிரிக்கவில்லை.

அப்படிச் சேர்ந்த இரண்டு பேர் இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து சும்மா இருப்பார்களா? சிந்தாதிரிப்பேட்டையில் சி.டி. விற்கும் ஷரஃபுதீனின் கடைக்குத் தனித்தனியாக நடையாய் நடந்தார்கள். ஷரஃபுதீனும் ஒரு வழியாகப் புரட்டாசியில் ஆளுக்கொரு சி.டி.யைக் கொடுத்தான். அதன் பிறகு இருவரும் உட்கார்ந்து பேசுவது இன்றைக்குத்தான் முதல் தடவை.

“அதோட ஆழம் உங்களுக்குப் புரியலை மாப்பிள்ளை” என்றார் ராமானுஜம்.

“ஆழம்னு ஒண்ணு இருந்தாத்தானே மாமா புரியறதுக்கு?”

“ஆளுக்கு இன்னொரு அடை போடட்டுமா?” என்றாள் ஜலஜா.

ராமானுஜம் விருட்டென்று எழுந்து கை அலம்பப் போனார். அவர் அதுவரை காப்பியைத் தவிர எதையும் தொடவில்லை.

மறுநாள் பத்தரை மணிக்கு ஸ்ரீவத்சனின் ஆபீசுக்கு ஸ்நேஹாவின் போன் வந்தது. அவள் பாண்டி பஜார் பக்கம் ஒரு பாங்கில் வேலை பார்க்கிறவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுவாள்.

“அப்பா நேத்தைக்கு சாப்பிடலை. பத்திரிகை அடிக்கக் குடுக்கறேன்னு எடுத்து வெச்ச மேட்டரை மறுபடி பீரோல வெச்சுப் பூட்டிட்டார்.”

“ஒரு கேமுக்காகவா?”

“நீங்களும் ஒரு கேமுக்காகத்தானே அப்படிக் கத்தினேள்? போன் பண்ணி ஸாரி சொல்லிடுங்கோ. எனக்குத்தான் புரியலை மாமான்னு ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போயிடுவேள்?”

“பொய் சொல்லச் சொல்றயா?”

“ஆமா.”

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? ஸ்ரீவத்சன் பல்லைக் கடித்துக்கொண்டு அடையாறுக்குப் போன் போட்டான்.

“மாமா, நேத்தைக்குக் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். எனக்குத்தான் சரியாப் புரியலை போலருக்கு.”

மறுமுனையில் மனிதர் அப்படியே உருகிவிட்டார். “அதனால என்ன மாப்பிள்ளை, வயசு அப்படி. மொதல் பாகம் வெறும் சண்டை. ரெண்டாம் பாகம் நிர்வாகம். அதைப் புரிஞ்சுண்டா போறும். சரி, பவர் ஸ்டேஷன் கட்டிட்டேளா?”

“என்னது?”

“பவர் ஸ்டேஷன். நான் நாலு கட்டிட்டேன். அஞ்சாவதுக்கு எடம் பாத்துண்டிருக்கேன்.”

“ஆமாம் மாமா, கட்டணும்” என்று சொல்லிப் போனை வைத்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அடுத்த முகூர்த்த நாளில் பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கும். ஆனால் தப்பு என்று தெரிந்ததைத் தப்பு என்று சொல்லாமல் விட்டால் ஸ்ரீவத்சனுக்கு அன்றைய சாப்பாடு செரிக்காது.

“மாமா, அதுல பவர் ஸ்டேஷனே கெடையாதே!”

“அப்போ நான் பொய் சொல்றேங்கறேளா?”

“ஐயையோ, அப்படிச் சொல்லலை. நீங்க வேற எதையோ நெனச்சுண்டு…”

“எனக்கு வயசாயிடுத்து, புத்தி தடுமாறறதுங்கறே?”

‘ங்கறேளா’ என்பது ‘ங்கறே’ ஆகிவிட்டதை ஸ்ரீவத்சன் கவனித்தான். மாப்பிள்ளை மரியாதை ஒரே போனில் ஒரு படி இறங்கிவிட்டது.

“பொறுமையா ஆடறவாளுக்குத்தான் பவர் ஸ்டேஷனெல்லாம் கண்ணுக்குத் தெரியும். சும்மா குதிச்சுண்டே இருந்தா வெட்டுக்கிளிதான் தெரியும்” என்று சொல்லி ராமானுஜம் போனை வைத்துவிட்டார்.

ஸ்ரீவத்சனுக்குக் காது மடல் கொதித்தது. வந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் குளிக்கக்கூட எழுந்திருக்காமல் ஆடினான். மொத்தம் இருபத்து நாலு சண்டை. அத்தனையையும் ஜெயித்து முடித்துவிட்டான். ஒவ்வொரு சண்டையிலும் மூலை முடுக்கெல்லாம் குதித்துக் குதித்துத் தேடினான். பவர் ஸ்டேஷனும் இல்லை, பவர் ஸ்டேஷன் இருப்பதற்கு அறிகுறியாக ஒரு கரண்டு கம்பம்கூட இல்லை.

அப்போதுதான் அவனுக்கு உண்மை பளிச்சென்று விளங்கியது. மாமா இதை ஆடவே இல்லை! யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு அளக்கிறார். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? மார்கழியில் சபா கேன்டீனில் உட்கார்ந்து போண்டா தின்றுவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், “இன்னிக்கு பைரவி சுமார்தான்” என்று தீர்ப்புச் சொல்லுகிற ஆசாமிகள் மாட வீதிக்கு நூறு பேர் இருக்கிறார்கள். அடையாறுக்கும் ஒருவர் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அவர் தனக்கா மாமனாராக வர வேண்டும்?

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஸ்ரீவத்சன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் தட்டினான். பதினோரு குற்றச்சாட்டுகள், வரிசை எண் போட்டு. பதினோராவது இப்படி இருந்தது: ‘ஆடாமலேயே ஓர் ஆட்டத்தைப் புகழ்வது, இலையே போடாத கல்யாணத்தில் சாப்பாடு பிரமாதம் என்று சொல்வதற்குச் சமம்.’ கல்யாணம் என்கிற வார்த்தையை அவன் அந்த இடத்தில் எழுதியிருக்க வேண்டாம். ஆனால் எழுதும்போது ரொம்ப நன்றாக இருந்தது, அழிக்க மனசு வரவில்லை. கூரியரில் அனுப்பிவிட்டான்.

மூன்றாம் நாள் அதே கடிதம் அதே கூரியரில் திரும்பி வந்தது. முப்பது வருஷம் டெண்டர் பார்த்த கை. ஓரமெல்லாம் சிவப்புப் பென்சில். ஒன்றாவது குற்றச்சாட்டுக்குப் பக்கத்தில் ‘ஆதாரம்?’ நாலாவதுக்குப் பக்கத்தில் ‘தவறு. கண்ணால் பார்த்தேன்.’ ஏழாவதுக்குப் பக்கத்தில் ‘அதிகப்பிரசங்கம்.’ பதினோராவதில் கல்யாணம் என்ற வார்த்தையை மட்டும் சுழித்து, பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி. கடைசிப் பக்கத்தின் அடியில், ‘நிராகரிக்கப்பட்டது. திருத்தி மறுபடி சமர்ப்பிக்கவும்.’ கீழே கையெழுத்து, தேதி.

ஸ்ரீவத்சன் அதைக் கசக்கி எறிந்தான். பிறகு எடுத்து நீவி, பன்னிரண்டாவது குற்றச்சாட்டை யோசிக்க ஆரம்பித்தான்.

நல்ல வேளையாக அன்று சாயங்காலம் ஸ்நேஹா அவனைப் பெசன்ட் நகர் பீச்சுக்கு வரச் சொன்னாள். நல்ல வேளை என்று அவன் நினைத்துக்கொண்டு போனான். மணலில் உட்கார்ந்தவள் அவன் வாங்கிக் கொடுத்த சுண்டலைப் பிரிக்கக்கூட இல்லை.

“ஆத்துல என்ன நடக்கறதுன்னு தெரியுமா? அப்பா அந்த லெட்டரைப் படிச்சுட்டு, இந்தப் பையனுக்கு வாய் நீளம், நாளைக்கு என் பொண்ணை என்ன பாடு படுத்துவானோங்கறார். அம்மா பெருமாளுக்கு வேண்டிண்டிருக்கா.”

“ஒங்கப்பா ஆடவே இல்லை ஸ்நேஹா. அது எனக்கு நிச்சயமாத் தெரியும்.”

“அவரும் அதையேதான் சொல்றார். நீங்கதான் ஆடலையாம். மொதல் கட்டத்துலயே மாட்டிண்டு முழிக்கறேளாம்.”

“நானா? இருபத்து நாலு சண்டை…”

“நிறுத்துங்கோ!” சுண்டல் விற்றுக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்தார். ஸ்நேஹா குரலைத் தணித்துக்கொண்டாள். “எனக்கு பம்பாய் டிரான்ஸ்ஃபர் வந்திருக்கு. கல்யாணம் ஆகப்போறது, வேண்டாம்னு எழுதி வெச்சிருக்கேன். திங்கக்கிழமை கார்த்தால அந்த ஃபாரத்தைக் குடுக்கணும். அதுக்குள்ள இது முடியணும். ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வாங்கோ. ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காருங்கோ. அப்பா அந்தப் பவர் ஸ்டேஷனைக் காட்டட்டும். இருந்தா நீங்க சேவிச்சு மன்னிப்புக் கேட்டுக்கணும். இல்லேன்னா அவர் வாயை மூடிக்கணும்.”

இவ்வளவு நியாயமான யோசனையை யாரால் மறுக்க முடியும்? ஸ்ரீவத்சன் சரி என்றான். மனசுக்குள், மாமா வாயை மூடிக்கொள்ளும் காட்சியை ஒரு தடவை பார்த்து ரசித்தும் கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் போனபோது கூடத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன. ராமானுஜம் சலவை வேஷ்டியும் ஜிப்பாவுமாகத் தயாராக இருந்தார். “வாப்பா” என்றார். மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. ஜலஜா ஒரு தட்டில் தேன்குழலைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். ஏதாவது வாயில் இருந்தால் பேச மாட்டார்கள் என்று அவள் கணக்கு.

கம்ப்யூட்டருக்குக் கீழே பச்சைப் பெயின்ட் அடித்த ஓர் இரும்புப் பெட்டி இருந்தது.

“இது என்ன மாமா?”

“ஸ்டெபிலைசர். என் கையாலயே சுத்தினேன். கடைல வாங்கறதெல்லாம் தகரம்” என்றார் ராமானுஜம். அவர் குரலில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

“பழசு, டி.வி.க்குன்னு பண்ணினது, பன்னண்டு வருஷம் ஓடித்து. அது நன்னாத்தான் இருந்தது. அதை மாத்தணும்னு போன மாசம் இந்த ரெண்டாவதைப் பண்ணினார்” என்றாள் ஜலஜா.

ராமானுஜம் சுவிட்சைப் போட்டார். பெட்டி ‘உம்’ என்று ரீங்காரம் செய்தது. கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது. சி.டி. உள்ளே போய்ச் சுற்றத் தொடங்கியது. ராமானுஜம் ஸ்ரீவத்சனை ஒரு பார்வை பார்த்தார். டெண்டரைப் பிரிக்கிற பார்வை.

டப்!

பச்சைப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கொத்துப் புகை எழுந்தது. திரை இருண்டது. கூடம் முழுக்க வார்னிஷ் தீய்ந்த நாற்றம். ஜலஜா ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

ஸ்ரீவத்சனைக் குறை சொல்லக் கூடாது. அவன் அடக்கிப் பார்த்தான். வாயில் தேன்குழலைத் திணித்துக்கொண்டும் பார்த்தான். ஆனால் மூன்று வாரக் கோபத்துக்கு ஒரு தேன்குழல் எம்மாத்திரம்?

“பாத்தேளா மாமா? நான் சொன்னேன் பாருங்கோ! எதுலயுமே ரெண்டாவது உருப்படாது!”

ராமானுஜம் நாற்காலியோடு திரும்பினார். முகம் செக்கச் செவேல் என்று இருந்தது.

“ஸ்நேஹா எனக்கு ரெண்டாவது பொண்ணுடா!”

ஸ்ரீவத்சன் திரும்பினான். ஸ்நேஹா காப்பித் தட்டோடு அவன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“நான் அந்த அர்த்தத்துல சொல்லலை” என்றான்.

“எந்த அர்த்தத்துல சொன்னேள்?” என்றாள் ஸ்நேஹா.

அவன் அவசரமாகப் பச்சைப் பெட்டியைக் கைகாட்டினான்.

“கல்யாணமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எழுந்து போடா!” என்று ராமானுஜம் கத்தினார். “ஆடாத பயல்! பொய்யன்!”

“யார் பொய்யன்? இல்லாத பவர் ஸ்டேஷனை நாலு கட்டினேன்னு சொன்னது நானா நீங்களா?”

ஸ்நேஹா காப்பித் தட்டைக் கம்ப்யூட்டர் மேலேயே ‘ணங்’ என்று வைத்தாள். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் உள்ளே போய்க் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“இதான் பம்பாய் ஃபாரம். வேண்டாம்னு எழுதியிருக்கேன். இன்னிக்கு ஆறு மணி வரைக்கும் டைம் தரேன். ரெண்டு பேரும் ஒரே அபிப்ராயத்தோட இந்த ஆத்துக்குள்ள வரணும். நன்னாருக்கோ, குப்பையோ, எனக்கு அக்கறை இல்லை. ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா இதைக் கிழிச்சுப் போட்டுட்டு, வேணும்னு புதுசா எழுதிடுவேன். ஒங்களுக்கு ஆத்துக்காரி கெடையாது, அப்பாவுக்கு ஆத்துல பொண்ணு கெடையாது. ரெண்டு பேரும் நிம்மதியா ஒக்காந்து கத்திண்டிருங்கோ.”

அவள் சொன்னதைச் செய்கிறவள் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஸ்ரீவத்சன் முதல் தடவையாகப் பவர் ஸ்டேஷனை மறந்தான். இந்தப் பெண் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அவன் அதுவரை யோசிக்கவே இல்லை. குப்பை, குப்பை என்று கத்துவதிலேயே இரண்டு வாரம் போய்விட்டது.

ராமானுஜத்துக்கும் அதே யோசனைதான் போலிருக்கிறது. வேஷ்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார்.

“வண்டி வெச்சிருக்கயா?”

“இருக்கு.”

“ஷரஃபுதீன்கிட்ட போவோம். வித்தவன் அவன். அவன் கடைல கம்ப்யூட்டர் இருக்கு. போட்டுப் பாத்துடுவோம்.”

ஸ்கூட்டர் அடையாறு பாலத்தைத் தாண்டியது. ராமானுஜம் பின்னால் உட்கார்ந்து, சி.டி. இருந்த மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். வழியில் ஸ்ரீவத்சனின் வீட்டில் நிறுத்தி அவனுடைய சி.டி.யையும் எடுத்துக்கொண்டார்கள். மவுண்ட் ரோடு சிக்னலில் வண்டி நின்றபோது ராமானுஜம் பெருமூச்சு விட்டார்.

“மொதல் பாகம் நன்னாத்தான் இருந்தது.”

“அதை யார் மாமா இல்லேன்னா?”

“அந்த நதிக்குள்ள எறக்கினது… அடடா.”

“ஆமா மாமா.”

சிக்னல் விழும் வரை இருவரும் சமாதானமாக இருந்தார்கள். விழுந்ததும், “இருந்தாலும் குப்பைன்னு சொன்னது தப்பு” என்றார் ராமானுஜம். “சொன்னது தப்பில்லை” என்றான் ஸ்ரீவத்சன். சிந்தாதிரிப்பேட்டை வரை அதே பல்லவி.

ஷரஃபுதீனின் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் ரோட்டில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். இருவரும் அவர்களை முண்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

“இன்னா சார், ரெண்டு பேரும் ஒரே வண்டில வந்துகிறீங்க? சொந்தக்காரங்களா?” என்றான் ஷரஃபுதீன்.

“அது ஆறு மணிக்குத்தான் தெரியும்” என்றார் ராமானுஜம். “மொதல்ல இதைப் போடு.”

அவருடைய சி.டி. சுழன்றது. திரை நிறைய ஜப்பான் எழுத்து வந்து போயிற்று. பிறகு, வானத்திலிருந்து பார்ப்பதுபோல ஒரு பாலைவனம். அதில் எறும்பு எறும்பாக இரும்பு ராட்சசர்கள் மண்ணை வெட்டிச் சுமந்துகொண்டிருந்தார்கள். ராமானுஜம் மவுசை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு கட்டடம் எழுந்தது. புகைபோக்கியிலிருந்து புகை வந்தது. சந்தேகமே இல்லாத பவர் ஸ்டேஷன்.

ஸ்ரீவத்சன் வாய் பிளந்து நின்றான். பிறகு ஒன்றும் சொல்லாமல் தன் சி.டி.யை எடுத்து நீட்டினான். ஷரஃபுதீன் தயங்கித் தயங்கித்தான் போட்டான். மறுபடி ஜப்பான் எழுத்து. பஞ்சுமிட்டாய் நிற ராட்சசன் ஒன்று கட்டடத்துக்குக் கட்டடம் தாவியது.

இப்போது ராமானுஜம் வாயைப் பிளந்தார்.

“இது வேற, அது வேற” என்றார்.

“நீங்க பொய் சொல்லலை மாமா. மன்னிச்சுடுங்கோ.”

“நீயும் சொல்லலை மாப்பிள்ளை. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”

மாப்பிள்ளை என்ற சொல் திரும்பி வந்துவிட்டது. ஸ்ரீவத்சனுக்குக் கண்ணில் ஜலமே வந்துவிட்டது. மணி ஐந்து. இப்படியே வெளியே வந்து வண்டியை எடுத்திருந்தால் ஐந்தரைக்கு அடையாறு. ஆனால் அதற்குள் ராமானுஜம் கேட்டுவிட்டார்:

“சரி, அப்போ எது நெஜ ரெண்டாம் பாகம்?”

“உங்களோடதா இருக்கவே முடியாது மாமா. மண்ணு வெட்டறதெல்லாம் ஒரு கேமா?”

“அப்போ ஒன் வெட்டுக்கிளியா? ஸ்டீல் மார்ஷலைப் பண்ணினவன் இந்தக் கண்றாவியைப் பண்ணுவானா?”

“பாருங்கோ, நீங்களே கண்றாவிங்கறேள்! அதைத்தானே நான் மொதல்லேர்ந்து சொல்லிண்டிருக்கேன்?”

“அப்படின்னா அது போலி. என்னோடதுதான் நெஜம், அது பிரமாதம்!”

“நெஜம் என்னோடதுதான், அது குப்பை!”

மாப்பிள்ளை மறுபடி காணாமல் போய்விட்டான். கடையில் நின்றிருந்தவர்களுக்கும் நாக்கு அரித்தது. “ரெண்டுமே இல்ல சார், ரெண்டாம் பாகத்துல ரோபோ ஏரோப்ளேனா மாறும். நான் மூணு வாட்டி முடிச்சிருக்கேன்” என்றான் ஒரு லா காலேஜ் மாணவன். “யோவ், கடலுக்கு அடில நடக்கறதுதான்யா ரெண்டு. ஒனக்கு இன்னா தெரியும்?” என்று தாடி வைத்த ஒருவர் அவன் சட்டையைப் பிடித்தார். “செம படம்… சே, செம கேமு. ஆனா முடிவு சரியில்ல” என்று ரோட்டிலிருந்து ஒரு குரல். எல்லோரும் கத்தினார்கள். எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

சுவர்க் கடிகாரம் ஐந்து இருபது காட்டியது. ஸ்ரீவத்சனுக்கு ஸ்நேஹா அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. அவன் மேஜையை ஓங்கித் தட்டினான். அடுக்கி வைத்திருந்த சி.டி.க்கள் சரிந்தன.

“எல்லாரும் வாயை மூடுங்கோ! ஷரஃபுதீன், என் கல்யாணமே இதுலதான் தொங்கிண்டிருக்கு. நீ சொல்லு. அல்லா மேல ஆணையாச் சொல்லு. எது நெஜமான ரெண்டாம் பாகம்?”

“சொல்லுப்பா. நீ என்ன சொன்னாலும் ரெண்டு பேரும் ஒத்துக்கறோம்” என்றார் ராமானுஜம்.

ஷரஃபுதீன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். மறுபடி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். தப்பித்து ஓட வழியில்லை, வாசலை அடைத்துக்கொண்டு நின்றதும் வாடிக்கையாளர்கள்தான்.

“கோச்சிக்காதீங்க சார். எல்லாரும் டெய்லி வந்து ரெண்டு வந்துச்சா, ரெண்டு வந்துச்சான்னு உயிர எட்த்துக்கினு இருந்தீங்க, அதான் கைக்கு கெடச்ச ரோபோ சி.டி. மேலல்லாம் ‘2’ன்னு எழுதி ஆளுக்கொண்ணு குட்த்தேன். நெஜ ரெண்டாம் பாகம் இன்னும் ஜப்பான்லயே வரல!”